கறியில் மிதந்த கண்கள்

1980ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று நிந்தவூரில் பதினேழு வீடுகளின் கோழிக்கறியில் மீன் கண்கள் மிதந்தன. கீரிமீனின் கண்கள், வட்டமாக, வேகாமல், மேலே பார்த்தபடி. அகப்பையால் அமுக்கினால் உள்ளே போய் வேறோர் இடத்தில் எழும்பின. பதினேழு வீட்டாரும் கோழி வாங்கியது கோழி வளர்த்து விற்கும் பளீலிடம்.

1978 நவம்பர்ச் சூறாவளி தென்னைகளை முறித்ததோடு முற்றத்துக் கோழிகளையும் கொண்டு போயிருந்தது. அதற்கு முன் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. முற்றத்துக் கோழி கண்ட அசிங்கத்தையும் கிளறித் தின்னும் என்பதால், அறுப்பதற்கு முன் மூன்று நாள் காலைக் கட்டிப் போட்டு நெல்லும் தண்ணீரும் மட்டும் கொடுப்பார்கள். சூறாவளிக்குப் பிறகு பளீல் கம்பிவலைக் கூடு அடித்து, லொறியில் வெள்ளைக்கோழிக் குஞ்சுகளை இறக்கினார். "இதுகள்ற கால் மண்ணிலயே படல்ல. பிறகென்னத்துக்குக் கட்டிற?" என்று அவர் கேட்டது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. கட்டும் வழக்கம் ஒரே வருடத்தில் மறைந்தது. கம்பிவலைக்குள் அவர் தம் கையால் போட்டது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் வெட்டும் இடத்துத் தலையும் குடலும் சாக்குச் சாக்காக வந்தன. வெயிலில் பாதி காய்ந்தது, பாதி புழுத்தது. புழுவோடு சேர்த்து இடித்து, தவிட்டில் பிசைந்து போட்டார். கோழிகள் ஐம்பது நாளில் ஊதிப் போயின. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, எப்போதும் ஈரமாக இருந்தது. கழிச்சலில் செத்த கோழியை மற்றக் கோழிகள் காலைக்குள் கொத்தி முடித்தன.

கண்கள் வந்த பிறகும் ஊர் பளீலிடம்தான் வாங்கியது, வேறு கோழி இல்லாததால். சிலர் கண்களைப் பொறுக்கிப் பூனைக்குப் போட்டார்கள். பூனை முகர்ந்துவிட்டு வேலிக்கு அப்பால் போய்க் கக்கியது. அக்கரைப்பற்றில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குழம்பைத் தேயிலை வடியால் வடித்துப் பரிமாறினார்கள். இப்படியே இரண்டு வருடம் போனது.

1982 கடைசியில் பளீலின் மகள் முனவ்வறாவுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கச்சிமுகம்மது எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். எழும்பும்போது ஒன்று சொன்னார்.

"கலியாணச் சாப்பாடு முதல், காவின் எழுதி நிக்காஹ் முடிக்கிறது பிறகு. சஹன் தட்டுல முதல் கவளம் நீங்க தின்னோணும். ஒரு கண் எங்களப் பாத்தாலும் மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவன்."

"மாட்டிறைச்சி ஆக்கினாப் போகுதே, மச்சான்," என்றார் பளீல்.

"ஊருக்கெல்லாம் கோழி தீத்திப்போட்டு, சொந்த மகள்ற கலியாணத்துக்கு மாடா?"

அவர்கள் போனதும் மனைவி ஹாஜறா, "நீங்க இந்தக் கோழிய ஒரு நாளாச்சும் தின்டிரிக்கீங்களா?" என்று கேட்டாள். நான்கு வருடமாக அந்த வீட்டில் மீன்தான் ஆகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "சீ!" என்று முற்றத்தில் துப்பினாள்.

மறுநாள் பழைய வழக்கப்படி ஒரு கோழியை மூன்று நாள் கட்டிப் போட்டு அறுத்துப் பார்த்தாள். கண்கள் வந்தன, கொஞ்சம் கலங்கியிருந்தன, அவ்வளவுதான். "இதுக்கு மூணு நாள் காணாது. முட்டையால வந்த நாளிலிரிந்து தொடங்கோணும்," என்றாள். கூட்டை அவளே சுரண்டினாள். கம்பிவலைக்கடியில் செதிலும் எச்சமும் முழங்கால் உயரத்துக்குக் களியாகிக் கிடந்தன. மண்வெட்டி இழுத்த இடமெல்லாம் நெளிந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்து, வாயைக் கொப்புளித்துவிட்டு மறுபடி இறங்கினாள். பிறகு அறுபது புதுக் குஞ்சுகள் வந்தன.

காரைதீவிலிருந்து கீரை விற்க வரும் அன்னப்பிள்ளை, "பெட்டி நிறைய வேப்பிலையா? ஆருக்குப் புள்ள அம்மாள் போட்டிரிக்கு?" என்று கேட்டாள்.

"கோழிக்கு, அக்கா."

"கோழிக்கோ! அப்ப மஞ்சளையும் அரைச்சுக் குடு, கழிச்சல் நிக்கும். எங்கட ஊட்டுக் கோழிக்கு உள்ளியும் தட்டிப் போடுறன். உன்ட மனிசனுக்கும் கொஞ்சம் குடு, மீன் நாத்தம் போகட்டும்."

சோளம், தவிடு, எள்ளுப் புண்ணாக்கு. அதில் நிழலில் காய்ந்த முருங்கையிலைத் தூள், மஞ்சள், நசுக்கிய உள்ளிப்பூண்டு, வேப்பிலை. எச்சம் இறுகியது. இறகு வயிற்றை மூடியது. ஆனால் முப்பதாம் நாள் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்த பளீலுக்கு அது லேசாக இருந்தது. அவர் மீன்குடல் சாக்கு ஒன்றோடு கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதை ஹாஜறா கண்டாள்.

"ஒரு பிடி போட்டா என்ன? பருக்கும்," என்றார்.

"போடுங்க. அந்தக் கண்ண நீங்கதான் முழுங்கோணும்."

சாக்கின் அடியிலிருந்து ஒழுகியது அவருடைய பாதத்தில் சொட்டியது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு சாக்கைக் கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

1983 மாசியில் கலியாணம். எல்லாரும் ஒன்றாகக் கையிட்டுத் தின்னும் சஹன் தட்டுகளில் முதலாவதைச் சுற்றி மாப்பிள்ளை, கச்சிமுகம்மது, பள்ளிவாசல் லெப்பை, மாப்பிள்ளையின் மாமன்மார் இருவர், பளீல் என்று ஆறு பேர் இருந்தார்கள். சோற்றின் நடுவே கறிக் கோப்பையை வைத்தார்கள். குழம்பு ஒருமுறை குமிழி விட்டது. அடியிலிருந்து ஏதோ மெதுவாக மேலே வந்தது. மாப்பிள்ளை பாதி எழும்பிவிட்டான். மறைப்புக்குப் பின்னால் ஹாஜறா மகளின் கையைப் பிடித்திருந்தாள்.

வந்தது ஒரு வேப்பிலை. வேகாமல், வாடாமல், அப்போது பறித்தது போல் பச்சையாக மிதந்தது. பக்கத்தில் இன்னொன்று வந்தது.

பளீல் இறைச்சியை இலையோடு பிய்த்துச் சோற்றில் பிசைந்து வாயில் போட்டார். நான்கு வருடத்துச் சாக்கு நாற்றம் முழுவதும் தொண்டைக்கு ஏறியது. கண்ணில் நீர் வர மென்று, கசப்போடு விழுங்கினார். விழுங்கியது வெளியே வரவில்லை.

கச்சிமுகம்மது கோப்பைக்குள் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இலைக்குப் பார்வை இல்ல," என்றார். "பிஸ்மி சொல்லுங்க." ஆறு கைகளும் சஹனுக்குள் போயின. லுஹர் தொழுகைக்கு முன் காவின் எழுதி முடிந்தது.

அதன் பிறகு நிந்தவூரில் கோழிக்கறியில் வேப்பிலை மிதந்தது. கறிவேப்பிலையோடு அதையும் ஒதுக்கி வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதென்ன என்று கேட்டால், "கோழி தின்டது," என்று சொல்லிவிட்டு ஊரார் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்கள்.