எண்ணிக்கையில் ஒருத்தி கூடுதல்

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?" என்ற கேள்விக்குச் சாதியாவிடம் ஆளுக்கேற்ற பதில்கள் இருந்தன. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் அன்பாகக் கேட்டால், "இவளுக்கு வீட்டுலதான் பாடம் அங்கிள்" என்பாள். லிஃப்டில் ஏறும் பக்கத்து வீட்டுக்காரி புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டால், "இருக்கே. இதோ நடந்துகிட்டிருக்கு" என்பாள். போன மாதம் ஒரு டாக்சி ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "பாவம், பிள்ளைக்கு ஏதும் குறையாம்மா?" என்று கேட்டுவிட்டார். "குறை கேக்கிறவங்களுக்குத்தான்" என்று சொன்னவள், தெம்பனிஸ் போய்ச் சேரும்வரை அந்த மனிதரை வாய் திறக்க விடவில்லை.

மகள் முஸ்கானுக்கு எட்டு வயது. தொடக்கப்பள்ளியில் சேர வேண்டிய வயதில், கல்வி அமைச்சுக்கு எழுதி, கேட்டதற்கெல்லாம் விளக்கம் கொடுத்து, வீட்டிலேயே படிப்பிக்க அனுமதி வாங்கியிருந்தாள் சாதியா. காலையில் ஆங் மோ கியோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்கும் ஆங்கிலமும் நடக்கும். அதன் பிறகு ஊர்தான் பள்ளிக்கூடம். ஒரு நாள் நூலகம், ஒரு நாள் நீச்சல் குளம், ஒரு நாள் நீர்த்தேக்கம். புதன்கிழமை என்றால் தேக்கா சந்தை.

தேக்காவுக்கென்று தனிச் சட்டம் ஒன்று உண்டு. பையும் பர்ஸும் முஸ்கான் கையில். என்ன வாங்குவது, யாரிடம் வாங்குவது எல்லாம் அவள் இஷ்டம். சாதியா ஒரு கடை பின்தங்கி வருவாள். வாயைத் திறக்க மாட்டாள். வாங்கி வந்ததை மறுபேச்சில்லாமல் சமைக்க வேண்டும், எல்லாரும் சாப்பிட வேண்டும். இந்தச் சட்டத்தால் ஒரு வாரம் முழுக்க வீட்டில் வெங்காயமே இல்லாமல் கீரை மட்டும் வெந்தது. இன்னொரு வாரம், பஃப்ளோ ரோடு காய்கறிக் கடைக்காரர் ஜாஃபர், "இது முதலைக்குட்டி" என்று சொன்னதை நம்பி ஒரு பை நிறையப் பாகற்காய் வந்தது. கணவன் இம்ரான் மூன்று நாள் பேசாமல் தின்றான். நாலாம் நாள், "முதலை செத்துடுச்சா, இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

அந்த இம்ரான்தான் இன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே பேச்சை எடுத்தான். துவாஸில் வேலை, கம்பெனி பஸ் கீழே வந்துவிடும்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும் சாதியா. இல்லைன்னா அந்த எடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க."

பக்கத்துப் பள்ளியில் ஜனவரியில் தொடக்கநிலை மூன்றில் ஓரிடம் இருந்தது. விசாரித்து வைத்தது அவன்தான். சாதியா போன் பண்ணிச் சரி என்றால் போதும்.

"குடுக்கட்டும்."

"அவளுக்குன்னு ஒரு கூட்டாளி உண்டா? இருக்கிறதெல்லாம் தேக்கா கடைக்காரங்க. ஒருத்தருக்கும் அம்பது வயசுக்குக் கொறச்சல் கெடையாது."

"நல்ல மனுசங்கதானே?"

"நல்ல மனுசங்கதான். ஓடிப்புடிச்சு வெளையாட முடியுமா அவங்களோட?" அவன் மற்ற ஷூவை எடுத்தான். "நீ பயப்படுற மாதிரி இப்ப இல்ல. அந்த இஎம் திரீ எல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்க."

"பேரை எடுத்துட்டாங்க, இம்ரான்."

காரியம் ஆக வேண்டுமானால் அவள் அவனை மச்சான் என்பாள். இம்ரான் என்றால் அடுத்தது சண்டை. அது அவனுக்கும் தெரியும். எழுந்தான்.

"நீ எடுக்கிறதுதான் முடிவு. ஆனா கோவத்துல எடுக்காத."

"கோவம் இல்லைன்னா நான் டிகிரியே முடிச்சிருக்க மாட்டேன்" என்றாள். அவன் லிஃப்டுக்குள் போய்விட்டான்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சாதியாவுக்குப் பத்து வயதில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மார்க் வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். கடைசிப் பிரிவுக்குப் பெயர் இஎம் திரீ. ஒரு நாள் காலை ஆசிரியை பெயர்களை வாசித்தார். வாசிக்கப்பட்டவர்களை அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரக் கடைசியில் உள்ள வகுப்புக்குப் போகச் சொன்னார். வழியில் இருந்த வகுப்புகள் எல்லாம் ஜன்னல் வழியே பார்த்தன. நாற்காலிக்கால் சாதியாவின் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. புது வகுப்பில் அவள் கையைத் தூக்கினால், "உனக்கு இது வேண்டாம், கீழே போடு" என்பார்கள். கேள்வி பாடத்திட்டத்தில் இல்லையாம். அந்தப் பத்து வயதுக் குழந்தை தொழில்நுட்பக் கல்லூரி, பாலிடெக்னிக், வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகம் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுப் பட்டம் வாங்கியது. வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை. அவளுடைய அத்தா ஜமால் முகம்மது பட்டமளிப்பு விழாவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாம், "என் மகதான், என் மகதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரிதான், அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் அவளோடு நாற்காலி தூக்கிய மற்றவர்கள் எங்கே? அதை யாரும் கேட்கவில்லை. என் பிள்ளை பெயரை எவரும் வாசிக்கக் கூடாது என்று நாற்காலி தூக்கிய அன்றே முடிவு செய்துவிட்டாள். அப்போது பிள்ளையும் கிடையாது, புருசனும் கிடையாது.

தேக்காவின் பஃப்ளோ ரோட்டில் இறங்கியதும் முஸ்கான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மஞ்சள் டீ சட்டை, குதிரைவால் சடை. பூக்கடை பஞ்சவர்ணம் ஆன்ட்டியிடம் நலம் விசாரித்துவிட்டு முருங்கைக்காய் பார்க்கப் போனாள். ஜாஃபர் கடை வாசலில் கூட்டம்.

"வாங்க மேடம். இன்னைக்கு எந்த மிருகம் வேணும்?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் ஜாஃபர். "கொஞ்சம் பொறுங்க, ஸ்கூல் பிள்ளைங்க வந்திருக்கு. கடையே குலுங்குது."

கற்றல் பயணம் வந்த வகுப்பு ஒன்று. எல்லாருக்கும் மஞ்சள் டீ சட்டை, கழுத்தில் பெயரட்டை, கையில் அட்டை வைத்துக் கிளிப் போட்ட வினாத்தாள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் ஒரு சீனச் சிறுமிக்கு மட்டும் ஜோடி இல்லை. அவள் முஸ்கானைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், சும்மா கையை நீட்டினாள். முஸ்கானும் சும்மா பிடித்துக்கொண்டாள்.

சாதியா பூக்கடையருகில் நின்றுவிட்டாள். கூப்பிடலாம். ஆனால் தேக்காவில் கூப்பிடக் கூடாது.

முன்னால் நின்ற ஆசிரியை இளம்பெண். தமிழ்ப்பெண். பெயரட்டையில் ரக்ஷனா என்று இருந்தது. ஜாஃபரிடம் ஒரு வாழைப்பூவை வாங்கித் தூக்கிக் காட்டி, ஆங்கிலத்தில், "இது என்ன, யார் சொல்வது?" என்றாள்.

கைகள் உயர்ந்தன. முஸ்கான் ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் கையைத் தூக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"பெரிய வெங்காயம்!" என்றான் ஒரு பையன். சிரிப்பு. "டிராகன் ஃப்ரூட்" என்றாள் இன்னொருத்தி. ஆசிரியை வேறொருவனைக் கூப்பிட்டாள், அப்புறம் வேறொருத்தியை. முஸ்கானின் கை அப்படியே நின்றது. வலித்ததும் மற்றக் கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். ஆசிரியையின் பார்வை அவளைத் தாண்டித் தாண்டிப் போனது.

சாதியாவுக்கு உச்சந்தலை சுட்டது. பார், பார், அப்படியேதான் இருக்கிறது. வாழைப்பூவைத் தன் கையால், வேகாத நரம்பான கள்ளனை எடுத்து ஆய்கிற பிள்ளை அது. அதைக் கூப்பிட உனக்கு வாய் வரவில்லை. தலையை மூடிய தூடோங்கைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வைத்துவிட்டாள்.

அதற்குள் முஸ்கான் கையை இறக்கி, பக்கத்துச் சிறுமியின் காதில் என்னவோ சொன்னாள். சிறுமி துள்ளிக் கையைத் தூக்கினாள்.

"யெஸ், சின் யி?"

"பனானா ஃப்ளவர்! சமைச்சுச் சாப்பிடலாம்!"

"வெரி குட்! சின் யிக்குக் கைதட்டுங்க!"

எல்லாரும் தட்டினார்கள். அதில் ஒருத்தி மட்டும் குதித்துக் குதித்துத் தட்டினாள். அது முஸ்கான்.

சாதியா வைத்த அடியோடு நின்றாள். தன் பதிலை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துக் குதிக்கிற பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை? அந்த இடத்தில் சாதியா இருந்திருந்தால் அன்று ராத்திரி தலையணை நனைந்திருக்கும்.

அடுத்த இடத்துக்குக் கிளம்புமுன் ரக்ஷனா தலையெண்ணினாள். முகம் மாறியது. திரும்ப எண்ணினாள். கடைசி வரியில் வந்து, பெயரட்டை இல்லாத கழுத்தைப் பார்த்ததும், நெஞ்சில் கை வைத்தாள்.

"நீ யாரும்மா? யார் பிள்ள இது?"

"என் பிள்ள" என்றபடி சாதியா போனாள்.

"அக்கா, உயிரே போச்சுக்கா. ஒன்னு கொறஞ்சாலும் பயம், கூடினாலும் பயம். வேற எங்கயோ நம்ம பிள்ளைய விட்டுட்டு யாரையோ கூட்டிட்டு வந்துட்டோமோன்னு ஆயிடுது."

"கூடுதலா ஒருத்தி நின்னு அவ்வளவு நேரம் கையத் தூக்கிட்டு இருந்தாளே, அப்பத் தெரியலையா உங்களுக்கு? ஒரு தடவ கூடக் கூப்பிடலையே?"

ரக்ஷனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். களைப்புதான் இருந்தது கண்ணில், கோபம் இல்லை.

"எல்லாரும்தான்க்கா தூக்கினாங்க. ஒருத்தரைத்தானே கூப்பிட முடியும்? பின்னாடி லாரி வருது, அங்க ஒருத்தன் மூக்குல ரத்தம்ங்கிறான். நாளைக்கு வேற ஒருத்தரைக் கூப்பிடுவேன். நீங்க என்னமோ நான் வேணும்னே செஞ்ச மாதிரி கேக்குறீங்க."

சாதியா முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள். இந்தப் பெண் தன்னைவிடச் சின்னவள். நாற்காலியைத் தூக்கச் சொன்னவள் இவளல்ல.

"மிஸ், இன்னும் ரெண்டே கேள்விதான் பாக்கி. முடிச்சிட்டுப் போகட்டா?" என்றாள் முஸ்கான்.

"முடியாதும்மா, ரூல்ஸ் லா. அம்மாகிட்ட போ." சொல்லிவிட்டு ரக்ஷனா அவள் தலையை ஒரு தடவை தொட்டாள். வரிசை நகர்ந்தது. சின் யி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், கேம்பல் லேன் பக்கம் மறைந்தாள்.

தேக்கா உணவங்காடியில் முஸ்கானுக்கு ஒரு ரோஜாப்பால் பண்டோங், சாதியாவுக்குத் தேத்தண்ணீர். காய்கறி இன்னும் வாங்கவில்லை.

"ஒன் பதிலைத்தானே அவ சொல்லி நல்ல பேரு வாங்கினா?"

"நான்தானே குடுத்தேன்."

"ஏன் குடுத்த?"

முஸ்கான் உறிஞ்சுகுழலைக் கடித்தாள். "வீட்டுல நான் எது சொன்னாலும் உங்களுக்கு முன்னாலயே தெரியும்மா. வாழைப்பூன்னு சொன்னா, கரெக்ட்னு சொல்வீங்க, அவ்வளவுதான். அவளுக்குத் தெரியவே தெரியாது. காதுல சொன்னதும் கண்ணு இப்பிடி ஆச்சு!" தன் கண்களை அகலத் திறந்து காட்டினாள். "தெரியாதவங்ககிட்ட சொன்னா ஜாலியா இருக்கும்மா."

சாதியா தேத்தண்ணீரை ஆற்றினாள். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. மேசையில் என்ன பாடம் வைப்பது, எந்த நாள் எங்கே போவது என்று எவ்வளவு யோசித்திருக்கிறாள். தனக்குத் தெரிந்ததை முதல் தடவையாகச் சொல்லிப் பார்க்க இந்தப் பிள்ளைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. கீரையா பாகற்காயா என்பதைக்கூடப் பிள்ளையே தீர்மானிக்கட்டும் என்றவள், பள்ளிக்கூடமா வீடா என்று ஒரு தடவையாவது அவளிடம் கேட்டிருக்கிறாளா? இல்லை. அதைத் தீர்மானித்தவள் ஒரு பத்து வயதுக்காரி. அவள் பெயர் முஸ்கான் இல்லை.

"ஜனவரில ஸ்கூலுக்குப் போறியா?"

முஸ்கான் நிமிர்ந்தாள். "நெசமாவா? அத்தா சொன்னாரா?"

"நான் கேக்கிறேன்."

"புடிக்கலைன்னா திரும்பி வந்துடலாமா?"

சரி என்று சொல்வது சுலபம். சாதியாவுக்குப் பொய் வராது. "நெனச்சவொடனே வர முடியாது. திரும்பப் பெர்மிஷன் கேக்கணும். குடுப்பாங்களோ, மாட்டாங்களோ."

"கேப்பீங்களா ஆனா?"

"கேப்பேன். கேட்டுச் சண்டையும் போடுவேன்."

"அங்கயும் ஒரு ஆளு கூடுதலா இருந்தா அனுப்பிடுவாங்களா?"

சாதியா மேசைக்குக் குறுக்கே அவள் கையைப் பிடித்தாள். "நீ கூடுதல் இல்ல, முஸ்கான். ஒன் பேரும் சேத்துத்தான் எண்ணுவாங்க. நீ வரலைன்னாத்தான் தேடுவாங்க."

"அப்போ போறேன்" என்றாள் முஸ்கான். உடனே, "கையத் தூக்கினா எப்பவாச்சும் கூப்பிடுவாங்கதானே?" என்றாள்.

"எப்பவாச்சும் கூப்பிடுவாங்க. பல நாள் கூப்பிட மாட்டாங்க."

"பரவால்ல."

பரவாயில்லை என்று சாதியாவால் சொல்ல முடியாது. இன்றும் முடியாது. அவளுடைய கோபம் அவளுடையது. அதில் ஒரு குந்துமணி அளவுகூட அவள் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அதைச் சோற்றோடு சேர்த்து இந்தப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டுமா? ஊட்டியும் அது ஒட்டவில்லையே.

போனை எடுத்தாள். பரோட்டா கல் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பள்ளி அலுவலகத்தோடு பேசினாள். ஆமாம், ஜனவரிக்கு. ஆமாம், ஏற்றுக்கொள்கிறோம். இத்தனை நாள் வீட்டில் வைத்துப் படிப்பித்துவிட்டு இப்போது ஏன் என்று அந்தப் பக்கத்துப் பெண் மரியாதையாகத்தான் கேட்டார்.

சாதியா யோசித்தாள். "அவளைக் கேட்டேன். வர்றேன்னு சொன்னா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வகுப்பெல்லாம் எப்பிடிப் பிரிப்பீங்க? மார்க் வச்சா? யாரு பிரிக்கிறது? எனக்கு அவங்களைப் பாக்கணும். இல்ல, ஜனவரில இல்ல. இப்பவே."

அந்தப் பெண் நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்.

போனை வைத்ததும் முஸ்கான், "அம்மா, சண்டை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள் சாதியா.