மகள் பேரில் எழுதியது

ஜூன் பதினைந்தாம் தேதி காலை எட்டே காலுக்கு டெலேனி குபிசெக்கின் போன் அடித்தது. முட்டையைத் தட்டில் கிளறிக்கொண்டிருந்தவள் பெயரைப் பார்த்தாள். ஹாலரன். அவள் ஆசைப்பட்ட கல்லூரியின் வாலிபால் கோச்சேதான்.

"அப்பா! அவங்கதான்!"

"எடும்மா, எடு. ஸ்பீக்கர்ல போடு," என்றார் லைல். கோப்பையைக் கழுவ எழுந்தவர் தொட்டியடியிலேயே நின்றார்.

பத்தாம் வகுப்பு முடிந்து வரும் இந்தத் தேதி வரைக்கும் எந்தக் கோச்சும் டீமில் சேர்ப்பது பற்றிப் பிள்ளைகளோடு பேசக் கூடாது, பதில் எழுதவும் கூடாது. அப்படி ஒரு சட்டம். பிள்ளைகள் மட்டும் எழுதிக்கொண்டே இருக்கலாம், எழுதாதவளை மறந்துவிடுவார்கள். இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் இங்கிருந்து கடிதம் போனது. எழுதியது டெலேனி இல்லை. பந்தடிக்கச் சொன்னால் கை வீங்கும்வரை அடிப்பாள். நாலு வரி எழுதச் சொன்னால் தலைவலி வந்துவிடும். "நான் பாத்துக்கறேன்" என்று அப்பாதான் அந்த வேலையை வாங்கிக்கொண்டார். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர் ஆட்ட விவரத்தைத் தவிர என்ன எழுதிவிடப் போகிறார் என்று அவள் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அப்பா அம்மா எழுதித் தருகிற பிள்ளை தனக்கு வேண்டவே வேண்டாம் என்று போன கோடை முகாமில் ஹாலரன் எல்லார் முன்னாலும் சொன்னது மட்டும் அவ்வப்போது உறுத்தும்.

"டெலேனி, சுத்தி வளைக்கல. எங்க டீம்ல உனக்கு இடம் இருக்கு."

டெலேனி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. மார்ச்ல உங்க அண்ணனப் பத்தி எழுதினியே, படிச்சிட்டு ரொம்ப நேரம் அழுதேன். பதில் போடவும் முடியாது, கையக் கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு. 'நான்தான் அவனக் குதிருக்குள்ள இறங்கச் சொன்னேன், மிஷின நிறுத்தக்கூட இல்ல'ன்னு எழுதியிருந்தே. நீ குழந்தைம்மா. அது உன் தப்பில்ல. அதச் சொல்லத்தான் முதல் ஆளா உன்னக் கூப்பிட்டேன்."

கட்டிதட்டிய மக்காச்சோளத்தைக் கம்பியால் குத்திவிடக் குதிருக்குள் இறங்கிய அண்ணன் கோல்பியை, அடியில் சோளத்தை வெளியே தள்ள ஓடிய இயந்திரம் சோளத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துவிட்டது. போன வருஷம் பிப்ரவரி. அவனாகத்தான் இறங்கினான், பதினேழு வயசுத் திமிர் என்றார் அப்பா. ஷெரீபும் பாதிரியாரும் ஊரும் அதையே சொன்னார்கள். இந்த வீட்டில் இருக்க முடியாமல் அம்மா ரோண்டா தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்பாள்: "அவன் ஏண்டி அதுக்குள்ள இறங்கினான்?" ஒவ்வொரு தடவையும் டெலேனி சொல்வாள்: "கொழுப்பும்மா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். முதுகுதான் தெரிந்தது. குழாயில் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று ஒரு சொல் போதும், இடம் கிடைத்துவிடும். நாலு வருஷமும் அண்ணனைச் சாவுக்கு அனுப்பிய பெண்ணாக அங்கே ஆட வேண்டும், அவ்வளவுதான்.

"கோச், அன்னிக்கி நான் வீட்லயே இல்ல. கியர்னி ஊர்ல மேட்ச் ஆடிட்டிருந்தேன். அந்தக் கடிதம் எதையும் நான் எழுதல."

"அப்ப யாரு?"

குழாய் நின்றது. "நான்," என்றார் லைல். "அவ அப்பா. எல்லாம் நான்தான் எழுதினேன். நான்தான் அவன இறங்கச் சொன்னேன்."

ஹாலரனின் குரல் வேறாகிவிட்டது. "கலந்து பேசிட்டுச் சொல்றோம், சார்." போன் அணைந்தது. இனி அழைக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது.

"பதில் வராதுங்கிற தைரியத்துலதான் எழுதினேன்," என்றார் லைல். "செவுத்துக்கிட்ட சொல்ற மாதிரிதானேன்னு. உன் பேர்ல சொல்றது சுலபமா இருந்துச்சு."

"அவன் கல்லறைக்கே போய்த் திட்டினேன்ப்பா. நீ பக்கத்துலதான நின்னே?"

"உன் இடத்தக் கெடுத்துட்டேன். நான் அவங்களுக்குத் திருப்பி எழுதறேன், கெஞ்சிக் கேட்டு..."

"இனிமே என் பேர்ல யாருக்கும் எழுதாத." அவள் ஒரு எண்ணை அழுத்தி, போனை மேசை நடுவில் வைத்தாள்.

திரையில் தெரிந்த பெயரைப் பார்த்ததும் லைலின் முகம் வெளுத்தது. "இப்ப வேணாம்மா. சாயங்காலமா நானே..."

மறுமுனையில் அம்மா காத்துக்கொண்டே இருந்திருப்பாள் போல, முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "டெல்! போன் வந்துச்சாடி? இடம் கிடைச்சுதா?"

"அப்பா ஏதோ சொல்லணுமாம்மா," என்று டெலேனி போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.