எண்ணூறு வாட்ஸ் போதும்

“வண்டி ஸ்டார்ட் ஆவல, பூங்கோத. தேரடியிலயே நிக்கிறேன்.”

“எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு கப் பிரிண்டிங் மிஷினை ஓட்டுனீங்களா?”

“டீசல் வீணாவுதேன்னு ஒரு மணி நேரம்…”

“பேட்டரி செத்துருச்சு. தேரு இழுக்க வந்தவங்கதானே, கூப்புடுங்க. வண்டியையும் இழுப்பாங்க.”

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து போனில் பேசிய அந்தப் பேச்சை நினைத்தால் தங்கராசுக்கு இன்னமும் சிரிப்பு வரும். விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பைகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போய், கேட்பவர்களின் படத்தையும் பெயரையும் அங்கேயே அச்சடித்துக் கொடுப்பது அவன் தொழில். மாதத்தில் இருபது நாள் வெளியூர். மனைவி பூங்கோதைக்குச் செராமிக் கம்பெனியில் மின்சாரச் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு திருவிழாவுக்காவது அவளும் கூட வர வேண்டும் என்று கல்யாணமான மூன்று வருடமாக அவனுக்கு ஆசை. கம்பெனியில் நாலு பேர் மதிக்கிறவளை, வேனுக்குள் பாய் விரித்துப் படுக்க எப்படிக் கூப்பிடுவது? ஒவ்வொரு முறையும் ‘போயிட்டு வரேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

இப்போது பாலக்கரையில் கமால் பாய் கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெரிய இன்வெர்ட்டர் பெட்டி ஒன்றைப் பாய் தூக்கி மேசைமேல் வைத்தார்.

“ரெண்டாயிரம் வாட்ஸும்மா. கண்ண மூடிக்கிட்டு வாங்கு.”

“கண்ணத் தொறந்துக்கிட்டே வாங்குறேன் பாய். இது சும்மா கெடந்தாலே பேட்டரியைக் குடிக்கும்.” துண்டுத்தாளில் எழுதினாள். “மிஷினு முந்நூத்தம்பது, லேப்டாப் அறுவது, பிரிண்டரு முப்பது, ஒரு ஃபேனு அம்பது. ஐநூறைத் தாண்டல. எண்ணூறு போதும். ஆனா வூட்டுக் கரண்டு மாதிரி சுத்தமா வர்ற ப்யூர் சைன் வேவ்தான் வேணும். மட்டமானதுல ஃபேனு உறுமும்.”

பேட்டரியையும் அவளே முடிவு செய்தாள். மிஷின் சூடேறியதும் பாதி நேரம் கரண்ட் இழுக்காது. சராசரியாக மணிக்கு முப்பது ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்குத் தொண்ணூறு. முழுதும் வடியவிடக் கூடாது என்பதால் நூற்றைம்பதில் தனி பேட்டரி. வேன் ஓடும்போது அது சார்ஜ் ஆக வேண்டும். வேன் நின்றால் வண்டி பேட்டரியைத் தொடக் கூடாது. அதற்கு நடுவில் தானாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு ரிலே, விரல் தடிமனில் ஒயர். பேசப் பேசப் புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். ஆயிரத்து இருநூறு டிகிரி சூளையைக் கட்டி ஆள்கிறவள் என் வேனின் ஒரு விசிறிக்காக இத்தனை யோசிக்கிறாளே என்று தங்கராசு பார்த்துக்கொண்டிருந்தான்.

“யோவ் தங்கராசு, சூளையில வெந்து வந்த பொண்ணுய்யா. என் யாவாரத்தக் கெடுத்துடும்,” என்று சிரித்த பாய் சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். “வண்டியில எத்தன பேரும்மா தங்குவீங்க? சார்ஜரு, ஃபேனு எல்லாம் சேத்துப் பாத்துக்க.”

“அவரு ஒருத்தருதான் பாய்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ‘ஃபேன் 1’ என்று எழுதியிருந்த இடத்திலேயே பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை.

தங்கராசு அந்த ‘1’-ஐ விரலால் தொட்டுக் காட்டினான்.

“ஃபேனு ரெண்டுன்னு போடு, பூங்கோத. கம்பெனியில நாலு நாளு லீவு கேளு. இந்தத் தடவ நீயும் என்கூட வரியா?”