ஒரு பக்கமாக அழுதவள்

என் அக்கா பொன்னுமணியின் மகள் 1979-இல் பிறந்த புதிதில் ஒரு பக்கமாகத்தான் அழுவாள். வாய் வலப்பக்கம் இழுத்துக்கொள்ளும். இடது கண் மூடவே மூடாது. பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்ததில் கன்னத்து நரம்பு நசுங்கியிருக்கிறது, சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும், அதுவரை கண் காயாமல் சொட்டு மருந்து விடுங்கள் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். என்னைத் தவிர யாரும் அதை நம்பவில்லை.

"மாசமா இருக்கையில ஜீப்புல முன்னால உக்காந்து போடிமெட்டு ஏறுனா. மலைக்காத்து புள்ளைய அடிச்சிருச்சு," என்றாள் அம்மா. அது அக்கா ஏலக்காய் எடுக்கப் போன ஜீப்பு. போகச் சொன்னவளே அம்மாதான்.

மருந்து விடுவது என் சோலி. சொட்டை விட்டு, இமையை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு தொட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். விரலை எடுத்ததும் கண் மெல்லத் திறந்து என்னைப் பார்க்கும்.

முப்பதாம் நாள் அத்தான் வீட்டார் ராசிங்காபுரத்திலிருந்து அரைஞாண் கட்ட வந்தார்கள். கோணல் தெரிந்தால் அக்காவைத் திரும்ப அழைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

"வயிறு நெறையப் பாலக் குடு. அழவிட்றாத. இடது கன்னத்த மாரோட சாச்சு வச்சுக்க."

"எத்தன வருசத்துக்குச் சாச்சு வைக்கிறது?" என்றேன்.

"நீ படிச்ச படிப்புக்குச் செத்த வாய மூடிக்கிட்டு இரு, ஆத்தா."

அக்காவின் மாமியார் ஜக்கம்மாள் கறுப்புக் கயிற்றைக் கட்டினார். பிள்ளை பால் மயக்கத்தில் கிடந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தை மறைத்துக்கொண்டு அக்கா வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து பிள்ளையின் உள்ளங்காலில் கிள்ளினேன்.

பிள்ளை ஒரு பக்கமாக வீறிட்டது. வீடே பார்த்தது. டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா குறுக்கே புகுந்து ஜீப்புக் காற்றை இழுத்தாள்.

ஜக்கம்மாள் வாயைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கிப் பார்த்தார். "இங்க செவந்திருக்கே, இது எந்த நரம்பு?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நெசத்தச் சொல்ல ஒனக்குத்தான் வாய் இருக்குல்ல. புள்ளைய எதுக்குக் கிள்ளுற?" பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொன்னுமணி, மருந்த விடாம ஊத்து. மூணாம் மாசம் ஜீப்பு அனுப்புறேன். பின்னாலயே உக்காந்து வா, ஒங்காத்தாளுக்காக."

ஏழாம் வாரம் வாய் நேரானது.

இப்போது, 1988-இல், அவளுக்கு ஒன்பது வயது. நேற்று என்னோடு சண்டை போட்டு அழுதாள். இரண்டு கண்களும் இறுக மூடிக்கொண்டன. நான் அந்த இடது கண்ணைத் தேடினேன். அழும்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த கண் அது.