ஒரு விரல் நாவல்

மாட்டுச் சந்தையில் விலை என்பது காதில் விழக்கூடாத சமாசாரம். வாங்குகிறவருக்காக வந்த தரகரும் விற்கிறவரும் கையோடு கை கோப்பார்கள். மேலே ஒரு துண்டை விரிப்பார்கள். துண்டுக்கு அடியில் தரகர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் அவர் கேட்கிற விலை. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் துண்டு அசைவது மட்டும் தெரியும். மாட்டுத்தாவணியில் உக்கிரபாண்டி முப்பது வருஷம் இப்படித்தான் தரகு பார்த்தார். ஆகவே போன வருஷம் ஐப்பசியில் அவருக்குப் பேச்சு நின்றபோது, அவர் தொழிலுக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை என்று சந்தையில் சொன்ன குறும்பர்களும் உண்டு.

நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு செவலைக் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தல்லாகுளத்து வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார்கள். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, அவர் காதுபடவே "நெனவே இல்லப்பா" என்று பேசிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவி சின்னத்தாய் மட்டும் அதை நம்பவில்லை. நினைவு இல்லாத மனுஷர் ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் எதற்காக முகத்தைச் சுளிக்க வேண்டும்? இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்த குழம்பில் ஒரு நாளாவது குறை சொல்லாமல் அவர் எழுந்ததில்லை. உப்புக் கம்மி, புளி ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொள்கிற ஆசாமி. அந்தச் சுளிப்பு அப்படியேதான் இருந்தது. ஆள் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

இரண்டாவது சாட்சி ஒரு நாவலால் கிடைத்தது.

சின்னத்தாய் நான்கு வீட்டுக்குப் பால் ஊற்றிவந்தாள். அதில் ஒரு வீடு பாகீரதியுடையது. புருஷன் பஞ்சாபகேசன் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. பாகீரதிக்குக் குழந்தை கிடையாது, ஒரு தகரப்பெட்டி நிறைய நாவல்கள் உண்டு. ஒவ்வொரு வருஷமும் தான் படித்ததில் மனசுக்குப் பிடித்ததை ஒரு கறுப்பு நோட்டில் வரிசைப்படுத்தி எழுதிவைப்பாள். பால்காரி மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள் என்று தெரிந்ததும், "ஆத்துல சும்மாதானே உக்காந்திருக்கே, இதை எடுத்துண்டு போ" என்று ஒரு புஸ்தகத்தைத் துணியில் சுற்றிக் காலிப் பால்குடத்துக்குள் போட்டாள்.

வாயை மூடிக்கொண்டு படிக்கிற வித்தையைச் சின்னத்தாய்க்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மத்தியானம் தொழுவத்து வேப்பமரத்தடியில் அவர் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். தனக்காகத்தான் வாசித்தாள். 'சாவி தொலைந்த மாளிகை' என்று பெயர். துப்பறிகிறவர் சாவியைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. முடிந்ததும் புஸ்தகத்தை மூடினாள். உக்கிரபாண்டி இடது கையால் தோள் துண்டை மெல்ல இழுத்து அவள் கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் அவள் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு தரம் பிடித்துவிட்டு விட்டார்.

சின்னத்தாய் சந்தைக்குள் காலெடுத்து வைத்தவள் அல்ல. ஆனாலும் தரகர் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது? ஐந்து விரல்! கதைக்கு ஐந்து விரல் விலை வைத்திருக்கிறார்! அன்றைக்குத்தான் அவள் பல மாதம் கழித்துச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

அந்த வருஷம் முழுக்க இப்படியே போயிற்று. பதினான்கு நாவல்கள். 'ஜமீன்தாரின் இரட்டையர்' ஐந்து விரல். 'கொழும்புக் கொலைகாரன்' ஐந்து. சாலையோரத்தில் சோற்றுக்கடை நடத்திய ஒரு விதவையின் கதைக்கு இரண்டே விரல். அதை அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'கேணிக்காரர்' என்று ஒன்று. கரட்டு நிலத்தில் ஒரு மனிதர் கேணி வெட்டிக்கொண்டே இருப்பார். கொலை இல்லை, காதல் இல்லை, வெட்டுகிறார், மண்ணை அள்ளுகிறார், அவ்வளவுதான். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் உக்கிரபாண்டி பாதியிலேயே துண்டை இழுத்துப் போட்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்தார். ஒத்த விரல். பிடித்தவர் விடவும் இல்லை. மாடு கத்துகிற வரை பிடித்துக்கொண்டே இருந்தார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சின்னத்தாய். "சரி சரி, வேணாம்னா விட்டுருவம்" என்று விரலை உருவிக்கொண்டு, மறுநாள் காலையில் அதையும் குடத்தில் போட்டு எடுத்துப்போனாள்.

அதற்கப்புறம் பார்த்துப் பார்த்து ஐந்து விரல் சரக்காகவே வாங்கிவந்தாள். அவரும் மறுக்காமல் ஐந்து விரலைப் பிடித்துப் பிடித்து விட்டார். ஆனால் புரட்டாசிக்கு மேல் வாசிக்கும்போது முகத்தைத் தொழுவத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். கஞ்சிக்குச் சுளிப்பதும் நின்றுபோயிற்று, கொடுத்ததை விழுங்கினார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாடி பார்த்த வைத்தியர் வாசல் வரை வந்து, "தை தாண்டுறது சிரமம் ஆத்தா. மனசுக்குப் பிடிச்சதா எதாச்சும் செஞ்சு குடு" என்றார்.

மனசுக்குப் பிடித்தது. அதற்குத்தான் அவளிடம் விரல் விட்டு எண்ணின பட்டியல் இருந்ததே.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பால் ஊற்றப் போனபோது பாகீரதி வீட்டில் எல்லாம் மூட்டையாகக் கிடந்தது. பஞ்சாபகேசனுக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல். சாயங்கால ரயிலுக்குப் புறப்படுகிறார்கள்.

"உங்காத்துக்காரருக்கு ரொம்பப் பிடிச்சதா மூணு சொல்லு, சின்னத்தாய். உனக்கே வச்சுக்கோ" என்றாள் பாகீரதி.

சின்னத்தாய் யோசிக்கவே இல்லை. சாவி, இரட்டையர், கொலைகாரன். மூன்றையும் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, கட்டிலில் அவர் மார்மேல் வரிசையாக வைத்தாள்.

"பாருங்க. இனிமே திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல. நம்மளுதுதான்."

உக்கிரபாண்டி மூன்றையும் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு இடது கையால் துண்டை எடுத்து, அவள் ஐந்து விரலையும் ஒரு தரம் பிடித்தார். விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணோரத்தில் தண்ணீர் வடிந்தது.

மத்தியானம் அழகுமலை வந்தான். உக்கிரபாண்டியின் கூட்டாளித் தரகன். சந்தைக்குப் போகிற வழியில் அண்ணனைப் பார்க்காமல் போகமாட்டான். சின்னத்தாய் அவனிடம் அழுதாள்.

"சந்தோசப்படுவாகன்னு கொண்டாந்தேன், தம்பி. அம்புட்டும் அஞ்சு விரல் வச்ச கதை. இந்தா, அழுகுறாக."

"அஞ்சு விரலா? என்ன மதினி சொல்றிய?"

அவள் வருஷக் கதை முழுவதையும் சொன்னாள். கேட்கக் கேட்க அழகுமலை முதலில் சிரித்தான். சோற்றுக்கடை விதவைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கேணிக்காரருக்கு வந்தபோது கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

"மதினி, அண்ணே விக்கிற பக்கத்து ஆளு இல்ல. வாங்குற பக்கம்."

"அதனால என்ன?"

"வேணாங்குற மாட்டுக்குத்தான் எடுத்த எடுப்புல அஞ்சு விரலப் பிடிப்பாரு. விக்கிறவனுக்குத் தல கிறங்கிப்போகும், இன்னும் கூடக் கேப்பான். 'கட்டாதுப்பா'ன்னுட்டு எந்திரிச்சு வந்துருவாரு. மாட்டக் கொற சொன்ன மாதிரியும் இருக்காது, அவன் மனசும் நோகாது பாருங்க."

"அப்ப ஒத்த விரலு?"

"அதான் அவரு ஆசப்பட்ட மாடு. ஒத்த விரலப் பிடிச்சாருன்னா உடும்புதான். இவரு ஒசத்த மாட்டாரு, அவன் எறக்க மாட்டான், பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருப்பாரு. ஆசப்பட்ட பேரம் படியாம அண்ணே ஒரு நாளும் சந்தைய விட்டு எந்திரிச்சதில்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "உங்களப் பொண்ணு பாத்துட்டு வந்தன்னிக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'பொண்ணு சுமார்தான், விட்டுரலாம்'னாரு. அன்னிக்கு ராவே பரிசம் போட ஆள் அனுப்பிட்டாரு."

சின்னத்தாய்க்கு அடுப்பில் கொதித்த இருபத்திரண்டு வருஷக் குழம்பும் ஒரே சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தது. உப்புக் கம்மி. புளி ஜாஸ்தி. ஒரு வருஷமாகத் தன் மனசு நோகக்கூடாது என்று வேண்டாத கதைக்கெல்லாம் ஐந்து விரல் கொடுத்திருக்கிறார். வேண்டிய ஒன்றைப் பாதியில் பிடுங்கிக்கொண்டுபோய்த் தகரப்பெட்டியில் போட்டிருக்கிறாள் அவள்.

"இங்கனயே உக்காந்திருங்க தம்பி. வாரேன்" என்று மூன்று புஸ்தகத்தையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பாகீரதி வீடு பூட்டியிருந்தது. வண்டி போய் அரை மணி ஆகிறது என்றார்கள் பக்கத்து வீட்டில். சின்னத்தாய் வைகைப் பாலத்தைப் பார்த்து ஓடினாள். அவள் அதிர்ஷ்டம், மறுநாள் சந்தைக்குத் தெற்கேயிருந்து வந்த மாடுகள் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் கோரிப்பாளையத்தில் பஞ்சாபகேசன் வண்டிக்கு முன்னால் நின்று, சர்க்கார் உத்தரவு போடுகிற தோரணையில் மாடுகளைத் திட்டிக்கொண்டிருந்தார். மாடுகளுக்குக் கலெக்டர் ஆபீஸ் பயம் கிடையாது.

"அம்மா," என்று மூச்சிரைக்க மூன்று புஸ்தகத்தையும் வண்டியில் வைத்தாள் சின்னத்தாய். "இதுகள எடுத்துக்கங்க. கேணிக்காரரக் குடுங்க."

பஞ்சாபகேசன் திரும்பினார். "பெட்டி அடியில இருக்கு. மேல படுக்கை, பாத்திரம், அம்மி. ரயிலுக்கு நாழியாறது. மூணைக் குடுத்து ஒண்ணு கேக்கறவளை நான் பார்த்ததே இல்லை."

பாகீரதி அவரைக் கவனிக்கவில்லை. "அதுக்கு ஒரு விரல்தான்னு சொன்னியே? கடைசியாத்தானே போட்டிருந்தார்?"

"கடைசி இல்லம்மா. அதான் மொதல்ல. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

பாகீரதி மடியிலிருந்த கறுப்பு நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "என் நோட்டுலயும் இந்த வருஷம் அதுதான் முதல்" என்றாள். "அதை மட்டும் யாருக்கும் குடுக்கறதில்லைன்னு இருந்தேன். அங்க போய் நான் எதை எடுத்துண்டு உக்காருவேன்?"

சந்தை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். சின்னத்தாயிடம் கூட்டிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை, குறைக்கவும் ஒன்றும் இல்லை.

"வைத்தியர் தை வரைக்கும்தான்னு சொல்லியிருக்காரும்மா. கேணியில தண்ணி வந்துச்சா வரலையான்னு தெரியாமக் கெடக்காக."

பாகீரதி வண்டியிலிருந்து இறங்கினாள். படுக்கையைத் தானே தூக்கித் தரையில் போட்டாள். அம்மியை இறக்க வண்டிக்காரன் கை கொடுத்தான்; கடைசியில் பஞ்சாபகேசனும் கொடுத்தார். நடுரோட்டில் தகரப்பெட்டி திறந்தது. புஸ்தகத்தை எடுத்தவள் அதைப் பிரித்துப் பார்க்காமலே நீட்டினாள். மற்ற மூன்றைத் திரும்பக் கேட்கச் சின்னத்தாய்க்குத் தோன்றவில்லை. அவை வண்டியிலேயே திருநெல்வேலிக்குப் போயின.

அன்று பொழுது சாய்வதற்குள் சின்னத்தாய் பதின்மூன்றாவது அத்தியாயத்தை எடுத்தாள். அட்டையைக் கண்டதும் உக்கிரபாண்டி சுவரை விட்டு முகத்தைத் திருப்பினார். ஆறு நாள் மத்தியானம் வாசித்தாள். கேணிக்காரர் இன்னும் வெட்டினார். ஊரார் சிரித்தார்கள். கயிறு அறுந்தது, வேறு கயிறு வந்தது. இப்போது அவளுக்கும் ஆள் பிடிபட்டுவிட்டது. மண்ணை அள்ளுகிற இடத்தை அவசரப்படாமல் வாசித்தாள். கடைசி அத்தியாயத்தில் தண்ணீர் வந்தது. ஆனால் உப்புத் தண்ணீர். கேணிக்காரர் கீழே நின்றபடி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, மேலே எட்டிப் பார்த்த மனைவியிடம், "நல்ல தண்ணிதான்" என்று சொன்னார். அத்துடன் கதை முடிந்தது.

சின்னத்தாய் புஸ்தகத்தை மடியில் வைத்தாள். வெகு நேரம் கழித்துத் துண்டு வந்து அவள் கைமேல் விழுந்தது. அடியில் அவள் சுண்டுவிரலை மட்டும் அவர் பிடித்தார். பிடி தளர்ந்துதான் இருந்தது. ஆனால் விடவில்லை.

ஆசைப்பட்ட பேரம் படியாமல் அவர் எழுந்ததில்லை என்று அழகுமலை சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஒத்த விரலுக்குக் கட்டாதுங்க" என்றாள்.

உக்கிரபாண்டி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முன்னால் அவள் பேரம் பேசியதில்லை. இடது பக்கத்து உதடு ஒரு ஓரமாக இழுபட்டது. அதே சுளிப்பு. மறுபடியும் சுண்டுவிரலைப் பிடித்தார்.

"முடியாது. சரக்கு அம்புட்டு லேசா?"

மறுபடியும் ஒத்த விரல்.

தொழுவத்தில் கறவை நேரமாயிற்று என்று மாடு கத்தியது. சின்னத்தாய் எழுந்திருக்கவில்லை, கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவவும் இல்லை. இடது கையால் புஸ்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்தைப் பிரித்தாள்.

"திரும்ப மொதல்ல இருந்து வாசிக்கிறேன். நல்லாப் பாத்துட்டு வெலையச் சொல்லுங்க" என்றாள்.