சேவுகன் தேய்த்த பிரேம்

“கீறலாடா அது? சேசிஸ் நம்பர்டா. என் வண்டியோட சேசிஸ் நம்பர்.”

“அதான் ஆர்.சி. புக்குல இருக்கே தம்பி. வண்டியிலயும் எதுக்கு இன்னொரு தடவ?”

கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பாலிஷ் பட்டறை வைத்திருந்த சேவுகன், வண்டிக்குச் சொந்தக்காரனான ஹரீஷிடம் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டான். கல்லாவில் இருந்த தங்கை தேவிகா எண்ணிய காசை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அண்ணனை அவளுக்குத் தெரியும். நகைக்கு மெருகு போட்ட வம்சம். பொருளில் ஒரு புள்ளி மிச்சமிருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஹரீஷ் பெரிய வீட்டுப் பிள்ளை. எங்கிருந்தோ வரவழைத்த பழைய ஜப்பான் பைக்கைக் கழற்றி, அலுமினிய பிரேமைக் கொண்டுவந்து போட்டு, “முகம் பாக்குற மாதிரி வேணும், ஒரு புள்ளி இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். முரட்டு உப்புத்தாள், நைஸ் உப்புத்தாள், துணிச் சக்கரம் என்று சேவுகன் தேய்த்த தேய்ப்பில் முகம் தெரிந்தது வாஸ்தவம். மூக்கு மயிர்கூடத் தெரிந்தது. ஹேண்டில் மாட்டும் கழுத்தில் குத்தியிருந்த நம்பர்தான் தெரியவில்லை.

“நம்பர் இல்லாட்டி திருட்டு வண்டிடா. ரோட்டுல எடுத்தா போலீஸ் புடுங்கிட்டுப் போயிருவான்.”

“நீகதானே ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு சொன்னீக?”

அந்த வார்த்தைதான் வினை. ஹரீஷ் அவன் வலது மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தான். பக்கத்தில் உப்புத்தாள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. “ஒன் கைரேகையையும் அழிச்சு விடுறேன். அதான் ஆதார்ல இருக்குல்ல” என்றான். படித்த பிள்ளை, வைதாலும் பொருத்தமாகத்தான் வையும்.

விரல் நுனிகள் சக்கரத்தில் பட்டன. தோல் போனது, பிறகு நகம் போனது. பளபளத்த பிரேமெல்லாம் ரத்தம் தெறித்தது. சேவுகன் அலற அலற ஹரீஷ் இன்னும் அழுத்தினான்.

அந்த வீடு சோறு தின்றது அந்தக் கையால்தான். “எங்கண்ணன் கைய விடுறீகளா இல்லையா?” தேவிகா ஒரு தடவைதான் கேட்டாள், மரியாதையாகத்தான் கேட்டாள். பிறகு, பிரேமோடு வந்திருந்த, பின்சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய ஸ்விங் ஆர்மைத் தூக்கி ஹரீஷ் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எதிர் டீக்கடை வரை கேட்டதாம். திரும்பியவனுக்குத் தாடையில் இன்னொன்று. அலுமினியம் லேசான சாமான் என்பார்கள். இரண்டு பல்லைத் துப்பியவனிடம் அதைச் சொல்ல முடியாது.

காயம்பட்ட இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினான் பஸ் நிறுத்தத்து ஆட்டோக்காரன் சொக்கு. நடுவில் தேவிகா, மடியில் ஸ்விங் ஆர்ம். காரைக்குடி ஆஸ்பத்திரி வரும்வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

ஹரீஷின் அம்மா மெய்யம்மை ஆச்சி புகார் கொடுக்கக் கிளம்பத்தான் செய்தார். ஆனால் எதற்குச் சண்டை, எங்கே வண்டி என்று கேட்பார்களே. நம்பர் இல்லாத பிரேமை எந்த முகத்தோடு காட்டுவது? “விட்டுருப்பா” என்றார். தாடைக்குக் கட்டுப் போட்டிருந்த மகன் மறுத்துப் பேச வழியில்லை. தங்கை ஜெயிலுக்குப் போவாளே என்று சேவுகனும் போலீஸுக்குப் போகவில்லை.

இரண்டு விரல் நுனி போனவன் இடது கையில் பழகிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டான். ஹரீஷ் பெங்களூரில் பைக்கை விட்டுவிட்டுக் கார் ஓட்டுகிறான். தேவிகாவுக்குப் பேசி முடித்திருந்த நேமத்தான்பட்டி வேல்பாண்டி வீட்டார், நிச்சயமெல்லாம் ஆன பிறகு, ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆவணியில் சொக்குதான் அவளைக் கட்டிக்கொண்டான். இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறார்கள்.