அடிப்பக்கத் துரு

புதுசைப் பழசாக்குவதில் பெரியமுத்துவை மிஞ்ச சித்திரபுரத்தில் ஆள் கிடையாது. சன்போர்டு அட்டையை வெட்டி ஒட்டி, முழ நீளத்தில் பொம்மை பஸ், ஜீப் எல்லாம் செய்வான். செய்வது பெரிய காரியமில்லை. அதன்மேல் பத்து வருட வெயிலையும் மழையையும் ஏற்றுவதில்தான் இருக்கிறது சூட்சுமம். முதலில் உடம்பு முழுக்கத் துரு நிறம் அடிப்பான். காய்ந்ததும் தண்ணீர் தெளித்து அங்கங்கே உப்பைத் தூவி, அதன்மேல் வண்டியின் நிறத்தை அடிப்பான். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால் பெயிண்ட் பொரிந்து, உள்ளேயிருக்கும் துரு எட்டிப் பார்க்கும். சேலைத்துணியில் சலித்த ரோட்டு மண்ணைச் சக்கரங்களில் அப்புவான். பார்க்கிறவர்கள், "அடேயப்பா, இப்பத்தான் ஓடி வந்து நின்னாப்புல இருக்கே!" என்று வாயைப் பிளப்பார்கள்.

அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற ஆறு நாளும் மலையாளி ஜோமோனின் ஒர்க்‌ஷாப்பில் அவன் பெயிண்டர். அங்கே பழசைப் புதுசாக்க வேண்டும். ஜோமோனின் மூன்று ஜீப்புகள் வாடகைக்கு ஓடின. ஃபிட்னஸ் டெஸ்ட் வந்தால் ஒவ்வொன்றையும் தேய்த்து, ஓட்டையில் பட்டி வைத்து, பளபளவென்று அடித்து அனுப்புவது பெரியமுத்துவின் பொறுப்பு.

அந்த மூன்றில் பச்சை ஜீப்பை ஓட்டியவன் பாண்டித்துரை. போன வருடம் டெஸ்ட் முடிந்து இருபத்துமூன்றாம் நாள், மலைரோட்டின் கீழ் வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் இறங்கியது. ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டான். ஜீப் பாறையில் மோதி அப்பளமாக நொறுங்கிக் கிடந்ததால், எது முதலில் உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டித்துரையின் மனைவி ராமலட்சுமி பெரியமுத்துவின் வீட்டுக்கு வந்தாள். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள்.

"வர்ற ஞாயித்துக்கெழமையோட அவரு போயி வருசம் திரும்புதுண்ணே. பிடிச்சதெல்லாம் வச்சுப் படைக்கணும். அவருக்கு அந்த ஜீப்புன்னா உசுரு. அதத்தான் இரும்புக் கடையில போட்டுட்டாங்களே. சின்னதா ஒண்ணு செஞ்சு தாங்கண்ணே."

பெரியமுத்து தலையை ஆட்டினான்.

"குடிச்சிட்டு ஓட்டினாருங்காங்க ஊர்ல. பிள்ள பள்ளிக்கூடத்துலருந்து அழுதுட்டு வாரா. பீடியக்கூடத் தொடாத மனுசன், உங்களுக்குத் தெரியாதாண்ணே? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுதா?"

தெரியும். பீடி தொடாததும் தெரியும், வண்டி ஏன் திரும்பவில்லை என்பதும் தெரியும். டெஸ்டுக்கு வந்த பச்சை ஜீப்பில், ஸ்டியரிங் பெட்டியை அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற இடத்தில் இரும்பு துருவேறி இற்றுப்போயிருந்தது. பெரியமுத்து கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது முறுக்குப் போல நொறுங்கியது.

"சேட்டா, இத வெட்டி எடுத்து வெல்டு வைக்கணும்" என்று ஜோமோனிடம் சொல்லத்தான் செய்தான்.

"டெஸ்ட் கழியட்டும்டா, பின்னே நோக்காம். நீ இப்ப பட்டி வச்சு அடி" என்றான் ஜோமோன்.

அடித்தான். பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே கறுப்பு அடித்தான். பாவி, அதையும் அழகாகச் செய்தான். டெஸ்ட் கழிந்தது. 'பின்னே' மட்டும் வரவே இல்லை.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் தினமும் சின்னப் பச்சை ஜீப்போடு உட்கார்ந்தான். பாண்டித்துரை முழங்கை ஊன்றும் டிரைவர் பக்கக் கதவில் பெயிண்டை வழுவழுவென்று தேய்த்தான். தார்ப்பாயில் தேயிலைச் சாயத்தை ஊற்றி மழைக்கறை இறக்கினான். பின்பக்கப் படியில் ஏறியிறங்கிய கால்கள் தேய்த்த இடத்தை வெள்ளி நிறத்தில் காட்டினான். கை தானாக ஓடியது. சனிக்கிழமை வண்டியைத் திருப்பிப் போட்டபோதுதான் நின்றது.

அடிப்பக்கத்துக்கு அன்று அடித்த அதே கறுப்பைத்தான் அடித்திருந்தான். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அப்படியே விட்டிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு விடுமா? ஸ்டியரிங் பெட்டி இருக்கும் இடத்தில் கறுப்பைச் சுரண்டினான். பாத்திரம் தேய்க்கிற பழைய கம்பியை வினிகரில் ஊறப்போட்டு எடுத்த துருத்தண்ணீரை ஊசிமுனைத் தூரிகையால் வைத்தான். ஓர் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி இற்றுப்போன விளிம்பு. அன்று விரலுக்குக் கீழே நொறுங்கியது எப்படியோ அப்படியே வந்தது. செத்தவனுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டான். கோழைக்கு இதைவிட வசதியான சமாதானம் வேறென்ன கிடைக்கும்?

ஞாயிறு காலை ஜீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தான். தொழிலாளர் லயத்தில் ராமலட்சுமியின் வீட்டு முற்றத்தில் எஸ்டேட் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜோமோனும் வந்து நாற்காலியில் இருந்தான். உள்ளே பாண்டித்துரையின் படத்துக்கு முன் இலை போட்டுச் சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தார்கள்.

படத்துக்குப் பக்கத்தில் நின்று, ஜீப்பின் கதவில் தேய்ந்த இடத்தை ராமலட்சுமி விரலால் தடவினாள். "இங்கனதான் கை வப்பாரு" என்று சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு, பெரியமுத்து கொஞ்சமும் நினைக்காத காரியத்தைச் செய்தாள். ஜீப்பைத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"தெனமும் காலையில வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டுத்தான்ணே சாவி போடுவாரு. நாந்தான் டார்ச்சு அடிப்பேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இதென்ன, இங்க ஓட்டை? நீங்க பெயிண்டு அடிச்சப்புறம் இது இல்லையே. 'அண்ணன் அடியெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்கிட்டாரு, இனி பயமில்ல லச்சுமி'ன்னு சொன்னாரே."

பெரியமுத்து அந்த ஓட்டையில் விரலை வைத்தான்.

"இருந்துச்சு, தங்கச்சி. ஸ்டியரிங் நிக்கிற எடம் அது. இத்துப்போயிருந்துச்சு. வெல்டு வைக்கணும்னு தெரிஞ்சும் நாந்தான் பட்டி வச்சு மூடினேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"ஒரு வருசம்ணே" என்றாள். "ஒரு வருசம் என் பிள்ள அழுதா. நீங்க எங்க வீட்டு வழியாத்தான தெனமும் போனீங்க?"

அவள் ஜீப்பைப் படத்துக்கு முன்னால், சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றினாள். வெளிச்சம் நேராக அந்தத் துருவில் விழுந்தது.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? இங்கயே நில்லுங்க. கும்பிட வர்ற ஒவ்வொருத்தரும் வண்டி ஏன் இப்படிக் கெடக்குன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நீங்களே சொல்லுங்க." மகளைக் கூப்பிட்டு அவன் பக்கத்தில் நிறுத்தினாள். "இவளும் கேக்கட்டும்."

முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மரியாதைக்கு ஜோமோனை முன்னால் விட்டார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகூப்பினான்.

"எந்தா பெரியமுத்து, வண்டி கவுந்து கெடக்கு?"

பெரியமுத்து அந்தப் பெண்குழந்தையைப் பார்த்தான். பிறகு வெளியே வாசல்வரை நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொல்ல ஆரம்பித்தான்.